கிழக்கு ஜன்னல்

நாலு மணி வெயில் சிவப்புச் சிமெண்டுத் தரையில் நீளமாய்க் கிடக்கிறது. தரகர் மாணிக்கவேல் நாற்காலி நுனிக்கு வந்து, பாதி விலைக்கு எழுதிய ஒப்பந்தத்தை லாசரஸ் வாத்தியார் பக்கம் நகர்த்துகிறார். "தோல் பாக்டரி கதவடைச்சு ரெண்டு மாசமாவுது சார். அது ஒரேயடியா மூடிட்டா குரோம்பேட்டைல இந்த வூட்டை யாரு சீந்துவாங்க?" வாத்தியார் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். குடிவந்த நாளிலிருந்து பாக்டரி நாற்றத்துக்குப் பயந்து சாத்தியே வைத்திருந்த கிழக்கு ஜன்னல் இப்போது திறந்து கிடக்கிறது. பாக்டரி ஓடவில்லை என்று சொல்லும் அந்த நல்ல காற்றுதான் இரண்டு மாதமாய் அவரையும் மனைவி தபீதாளையும் தூங்கவிடவில்லை. கடற்காற்று கிளம்புகிறது, சுவரில் அறுபத்தெட்டாம் வருஷக் காலண்டர் படபடக்கிறது. காப்பியோடு வந்த தபீதாள் நிலைப்படியிலேயே நின்றுவிடுகிறாள். சுண்ணாம்பும் ஊறிய தோலுமாய் அந்தப் பழைய வாடை திரையை உப்பவைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. "என்னங்க... பாக்டரியில மறுபடி தொட்டியில தோல் போட்டுட்டாங்க." தரகர் துண்டால் மூக்கைப் பொத்துகிறார். "இன்னாம்மா நாத்தம் இது, பேஜாரு! ஜன்னலைச் சாத்தும்மா." வாத்தியார் பேனாவைச் சட்டைப்பையில் செருகி, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சு இழுக்கிறார். "காப்பி ஆறுது, குடிங்கண்ணா" என்று டம்ளரை ஒப்பந்தத்தின் மேலேயே வைத்துவிட்டு, தபீதாள் போய் அடுத்த ஜன்னலையும் திறக்கிறாள்.