காற்றில்லாத கிரகத்துக் கொடி

"அப்பா, இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டாம நான் என் வீட்டுக்குக் கிளம்பறதா இல்லை!"

மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். எழுத்தாளர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கண் முழுக்க உள்ளறையில் இருந்தது. அங்கே அவர் மனைவி கட்டிலில் சாய்ந்துகொண்டு, புது நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள்.

மாதம் பிறந்தால் அவருக்கு ஒரு நாவல். ஒன்றில் டிராகன் பறக்கும், அடுத்ததில் விண்கலம் பறக்கும். ஜனங்கள் அடித்துப் பிடித்து வாங்குவார்கள். ஆனால் எதிலாவது ஒரு தப்பு இல்லாமல் அவர் எழுதி முடித்ததாகச் சரித்திரமே இல்லை.

"போன கதையில செத்துப்போன தளபதி விருந்துக்கு வந்து உட்கார்ந்தான். அதுக்கு முந்தின கதையில குருட்டு டிராகன் இளவரசியைப் பார்த்துக் கண்ணடிச்சுது. ஒவ்வொரு தடவையும் அம்மாதான் கண்டுபிடிச்சு உங்க மானத்தைக் காப்பாத்தறா."

"காப்பாத்தட்டுமே. என் பொண்டாட்டிதானே?"

"நல்லா இருக்கே நியாயம்! இந்த வயசுல அம்மாவுக்கு ஓய்வு வேண்டாமா? பதிப்பகத்துலதான் பிழை திருத்த ஆள் இருக்காங்களே. சார், நீங்களே சொல்லுங்க."

கூடத்தில் காத்திருந்த பதிப்பக மேனேஜர் இதுதான் சமயம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட்டை அடிச்சாச்சு சார். மெஷின் காத்துக்கிட்டிருக்கு. அப்படியே குடுங்க, எங்க ஆளுங்க பார்த்துக்குவாங்க."

"அவ படிக்காம ஒரு பக்கம் இந்த வாசலைத் தாண்டாது" என்றார் எழுத்தாளர்.

அதற்குள் மனைவியே எழுந்து போய், டீயோடு வந்து மேனேஜரிடம் நீட்டினாள்.

"ஐயோ, இப்பத்தானேம்மா குடுத்தீங்க!"

அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. எழுத்தாளர் பாய்ந்து வந்து டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார்.

"அது எனக்கு! நான்தான் கேட்டேன். நீ போய்ப் படி, போ."

"பார்த்தீங்களா சார்?" மகள் பல்லைக் கடித்தாள். "படிக்கவும் அம்மா, டீ போடவும் அம்மா. ஊருக்குத்தான் இவர் பெரிய எழுத்தாளர்."

எழுத்தாளர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் அறை வாசலுக்குமாக நடந்தார். உள்ளே பக்கம் புரளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நின்றார். உதடு எதையோ முணுமுணுத்தது.

"சாமியே கும்பிடாத மனுஷன், இப்ப என்ன வேண்டுதல்?" என்றாள் மகள்.



ஒரு வழியாக மனைவி காகிதக் கட்டை அடுக்கித் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"முடிஞ்சுதுங்க. நல்லா இருக்கு."

"தப்பு?"

"ஒண்ணும் தெரியலையே."

"நல்லா யோசிச்சுப் பாரு. அவசரமே இல்லை."

"இல்லைங்க. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

எழுத்தாளர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டீ சிந்தியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"அதிசயமா ஒரு கதையைத் தப்பில்லாம எழுதியிருக்கீங்க. சந்தோஷப்படாம ஏன் இப்படி இடிஞ்சு போய் உட்கார்றீங்க?" என்ற மகள், அவளே கட்டை எடுத்து மேனேஜர் கையில் கொடுத்தாள். விட்டால் போதும் என்று அவர் படியிறங்கிவிட்டார்.

கீழே ஸ்கூட்டர் உறுமியது.

ஜன்னலோரம் நின்றிருந்த மனைவி வெளியே பார்த்தாள். எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட துணி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க! அவரை நிறுத்துங்க! நிறுத்துங்க!"

"என்னம்மா?" என்றாள் மகள்.

"அந்தக் கிரகத்துல காத்தே கிடையாதுன்னு முதல் அத்தியாயத்துலயே சொன்னீங்களே! கடைசியில ராணியோட கொடி எப்படிங்க படபடன்னு பறக்கும்?"

எழுத்தாளர் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. செருப்பில்லாமல் படியில் தடதடவென்று ஓடினார். "சார்! சார்! நில்லுங்க! கொடி! கொடி!" தெருவே திரும்பிப் பார்த்தது.

மேனேஜரைக் கையோடு இழுத்துக்கொண்டு மேலே வந்தார். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. மேஜை டிராயரை இழுத்து ஒரு தாளை எடுத்தார். பழைய பக்கத்தை உருவிவிட்டு அதைச் செருகினார்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ராணி கொடியைச் சுருட்டித் தோள்ல சாத்திக்கிட்டா... அட! திருத்தின பக்கம் தயாரா இருக்கே?"

"நீங்க கிளம்புங்க சார், மெஷின் காத்துக்கிட்டிருக்கும்" என்று அவரை வாசல் வரை தள்ளிக்கொண்டு போனார் எழுத்தாளர். திரும்பி வந்து மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"விடுங்க, பொண்ணு பார்க்கிறா!" மனைவிக்கு வெட்கம் தாங்கவில்லை. "நான் இல்லேன்னா இந்த மனுஷன் மானம் கப்பலேறியிருக்கும்டி!" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போனாள்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்வதையும் செய்துவிட்டு ஆட்டம் வேறா! இன்றைக்கு நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அப்பாவின் பின்னாலேயே அறைக்குள் போனாள்.

அவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். 

"டாக்டர், முதல் அத்தியாயத்துல படிச்சது அவளுக்குக் கடைசி வரைக்கும் ஞாபகம் இருக்கு டாக்டர்! நான் வேணும்னே வச்ச தப்பை இந்தத் தடவையும் பிடிச்சுட்டா!"