நடு வரிசை

அவள் வாயை மட்டும் அசைத்தாள்.

நன்றாகவே அசைப்பாள். போன வருட ஆண்டு விழா மேடையில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அம்மாவைத் தவிர.

மில்லில் ஷிப்ட் முடிந்ததும் ஓடோடி வந்து, முதல் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்த அம்மா. உன் சத்தம் கேட்கவே இல்லையே என்று வீட்டில் கேட்டாள். கூட்டத்தில் எப்படிக் கேட்கும் என்று சமாளித்தாள் இவள்.

இன்று புதுப் பாட்டு டீச்சர். பிள்ளைகளை மூன்று வரிசையாக நிறுத்தியிருந்தார். முன்வரிசைக்கு ச ஸ்வரம். நடுவரிசைக்கு க. பின்வரிசைக்கு ப.

“மூணும் ஒரே நேரத்துல கேக்கணும். அதுக்குப் பேரு கார்டு.”

“ரேஷன் கார்டா டீச்சர்?”

வகுப்பே சிரித்தது. டீச்சர் கீபோர்டில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினார்.

சிரிப்பு நின்றது.

பாடினார்கள்.

ச நின்றது. ப நின்றது. க மட்டும் மெல்லச் சரிந்து ச-வோடு போய் ஒட்டிக்கொண்டது.

மறுபடியும் பாடினார்கள். மறுபடியும் சரிந்தது.

தினமும் பிரேயரில் ஒரே குரலாகப் பாடிப் பழகிய பிள்ளைகள். பக்கத்துக் குரலை விட்டு விலகினால் தப்பு என்று அவர்கள் தொண்டைக்கே தெரியும்.

டீச்சர் நடுவரிசையில் காதைக் கொடுத்தபடி வந்தார். இவள் முன்னால் நின்றார்.

“உன் சத்தம் எங்கம்மா?”



“அவ பாடக் கூடாது டீச்சர்.” முன்வரிசையிலிருந்து ஜெனிட்டா திரும்பினாள். “என்ன பாட்டுன்னாலும் ஒரே சத்தந்தான் வரும். ஷிப்டுக்கு ஊதுற மில்லு சங்கு மாதிரி. அவ பேரே சங்குதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

“எங்க, அந்த ஒரு சத்தத்தைக் குடு பாப்போம்.”

கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாள்.

ஒரே ஸ்வரம். ஏறவில்லை. இறங்கவில்லை.

டீச்சர் கீபோர்டுக்கு ஓடினார். கட்டை கட்டையாக அழுத்தித் தேடினார். ஒரு கறுப்புக் கட்டையில் அந்தக் குரல் அகப்பட்டது.

“இனிமே இதுதான் நம்ம க. மத்த ரெண்டு வரிசையும் இதுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.”

ச கொஞ்சம் இறங்கி வந்தது. ப-வும்.

பாடினார்கள்.

முன்வரிசை இழுத்தது. பின்வரிசை இழுத்தது. அவள் அசையவில்லை. அசையத் தெரியாது. நடுவரிசை மொத்தமும் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அறை பெரிதானது போலிருந்தது. ஜன்னல் கம்பி லேசாக அதிர்ந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம் என்று வாயை மூடினாள்.

அவ்வளவுதான். நடுவரிசை வழுக்கி ச-வில் விழுந்தது. மேலே ப, கீழே ச. நடுவில் வெறும் ஓட்டை.

ஜெனிட்டாதான் முதலில் திரும்பினாள்.

“ஏட்டி, ஏன் நிறுத்துன? நல்லாத்தான இருந்துச்சு!”

அவள் மூச்சை நிறைய இழுத்துக்கொண்டாள்.

இந்த வருடம் அம்மா இடம் பிடிக்க ஓடி வர வேண்டாம். மெதுவாக வரலாம். கடைசி வரிசையே போதும்.