கடித்து வைத்த ரொட்டி

வாய்க்கால் மோட்டார்களைச் சோதிக்கத் தெர்மெஸுக்குப் புறப்பட்ட அன்று, தன் ஊர் வழக்கப்படி, வெளியூர் போகிற எல்லாரையும் போலக் குத்ரத்தும் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டு வந்தான். அவன் திரும்பிவந்து தின்னும்வரை மிச்சம் சமையலறைச் சுவரில் தொங்கும்.

வேலை அலுப்புத்தான். ஆனால் புது ஊரைக் கண்டால் அவன் கை துறுதுறுக்கும். ஆறாம் நாள் மத்தியானம் டீக்கடையில் உட்கார்ந்து, மல்பெரி மரத்தடியில் சதுரங்கம் ஆடிய இரண்டு கிழவர்களை வரைந்தான். இத்தனை அழகாக அவன் வரைந்ததே இல்லை. சந்தோஷம் தாங்காமல் மனைவிக்குப் போன் போட்டான்.

"நஃபீசா, நாலு நாள்ல வந்துடுவேன். ரொட்டியை எலி தின்னுடாம பாத்துக்கோ."

அவள் சிரித்தாள். "காலையில வந்ததும் மொத்தத்தையும் தின்னுட்டு எலி மேல பழி போடுறீங்களா? சதுரங்கக் கிழவங்க படம் நல்லாருக்குன்னு நான் சொன்னதுல தலைகால் புரியல உங்களுக்கு. முற்றத்துல உக்காந்துக்கிட்டு எனக்கே போன் பண்றீங்க!"

படம் அவன் மடியில் இருந்தது. ஒரு கிழவரின் தாடி இன்னும் பாக்கி.

"நஃபீசா, நான் தெர்மெஸ்லதான் இருக்கேன். ஜன்னல் வழியா பாரு."

சிரிப்பு நின்றது. ஜன்னல் திரை விலகும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"உங்க கையில போன் இல்லை. பென்சில்தான் இருக்கு. என்னை அசையாம நிக்கச் சொல்றீங்க."