லெந்து நாளில் கறிச்சோறு

பியூலா கறி தின்றதை ரூபஸ் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

தாராவியில் அவர்கள் சபையின் வாலிபர் கூட்டத்துக்கு ரூபஸ்தான் தலைவர். பிள்ளைகள் வாயால் அல்லேலூயா சொன்னால் போதாது, வாழ்ந்து காட்டணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிற மனுஷன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து முடிகிறவரை கறி, மீன் தொடுவதில்லை என்று எல்லாரையும் பொருத்தனை பண்ண வைத்திருந்தார். மீறினால் ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் பாட்டு கிடையாது.

அந்த ஆராதனையில் தனிப்பாட்டு பியூலாவுக்கு. பதினாறு வயசு. பாடினால் சந்தே நின்று கேட்கும்.

அன்று ரூபஸ் வேலை முடிந்து வரும்போது ரம்ஜான் நோன்பு திறக்கிற நேரம். பியூலா வீட்டுக்கு அடுத்த கோலி, ஒற்றை அறை வீடு, சைனப்புடையது. கதவு திறந்திருந்தது. உள்ளே பியூலா, கறித்துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தாள்.

அவ்வளவு ருசியா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவளை எழுப்பி நிறுத்தினார்.

"பொருத்தனையைக் காத்தியா?"

"இல்லண்ணே."

"எப்ப இருந்து இது?"

"நோன்பு தொடங்குனதுல இருந்தே."

பின்னாலிருந்து ஒருத்தன், "அரே, பிரியாணி சிஸ்டர்" என்றான். கொல்லென்று சிரிப்பு.

"இனிமே அங்க போகமாட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லு. பாட்டு உனக்குத்தான்."

குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. கண் கலங்கியிருந்தது.

"பாட்டை வேற யாருக்காவது குடுத்திருங்கண்ணே. நான் நாளைக்கும் போவேன்."

என்ன நெஞ்சழுத்தம். ரூபஸும் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் நேரே சைனப் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"எங்களுக்கு லெந்து நாள்ம்மா. அந்தப் பிள்ளைக்குக் கறி குடுக்காதீங்க."

சைனப்புக்கு முகம் சுண்டிப்போனது.

"அல்லா, எனக்குத் தெரியாதே தம்பி. எங்க வீட்டுக்காரவுக மௌத்தான பிறகு வர்ற முத நோன்பு. கறி இல்லாம எனக்குச் சோறு இறங்காது, ஒத்தைக்கு ஆக்கவும் மனசு வராது. பேரீச்சம்பழத்தைத் தின்னுட்டுப் படுத்திருவேன். நான் மயங்கி விழுந்ததை இந்தப் புள்ள பாத்துட்டுது. அதுல இருந்து, 'ஆசையா இருக்கு சாச்சி, கறிச்சோறு ஆக்குங்க, சேந்து திம்போம்'னு வந்து உக்காந்திருது. பிள்ள கேக்குதேன்னுதான் அடுப்பே பத்த வைக்கேன். என்ன, காரம் ஆகாது போல. வாய்க்கு வாய் தண்ணி குடிக்கும்."

ரூபஸுக்குக் கொஞ்சம் இளகத்தான் செய்தது. இருந்தாலும் நாக்கைக் கட்ட முடியலையே அந்தப் பெண்ணால்.

அடுத்த வாசலில் பியூலாவின் அம்மா தங்கபுஷ்பம் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"உங்க மகளுக்குக் கறிமேல அம்புட்டு ஆசையாக்கா?"

தங்கபுஷ்பம் சிரித்துவிட்டாள்.

"யாருக்கு, பியூலாவுக்கா? கறி வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டும் தம்பி. நீங்க பொருத்தனை பண்ண வச்ச அன்னைக்கே வந்து பொலம்புனா. 'நான் திங்காததை விடுறதுல என்னம்மா இருக்கு? ஆண்டவருக்குன்னு கஷ்டப்பட்டு ஏதாவது செய்யணும்'னு."