கண்டம் தாண்டும் விமானம்

"வேண்டாம் சார். எங்க விமானத்துல மட்டும் ஏறாதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

இப்படிக் கெஞ்சியவன் அந்த மலிவுக் கட்டண விமானக் கம்பெனியில் டிக்கெட் விற்பவன். போனை எடுத்துப் பேசுவதுதான் வேலை. ஆனால் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'பயணக் கனவு ஆலோசகர்' என்று போட்டிருந்தது. கனவு ஆலோசகருக்கு ஏசி அறையில் வேர்த்துக் கொட்டியது.

எதிர்ச் சுவரில் முதலாளி ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். இதுவரை பக்கத்து ஊர்களுக்கு மட்டும் பறந்து, குடிக்கிற தண்ணீருக்கும் காசு வாங்கிய கம்பெனி, இனி கடல் கடந்து போகப்போகிறதாம். 'கண்டம் தாண்டுகிறோம்!' என்ற வாசகம் கதவு அகலத்துக்கு இருந்தது. 'தாண்டாமலும் போகலாம்' என்ற விளக்கம் அதன் காலடியில் கொசு அளவுக்கு இருந்தது.

அவ்வளவு தூரம் பறக்கிற விமானம் கம்பெனியிடம் ஒன்றுகூட இல்லை. விற்ற டிக்கெட்டைக் காட்டி விமானம் வாங்கிவிடலாம் என்பது முதலாளியின் திட்டம். அதற்குள் அட்டையில் ஒரு விமானம் செய்து, மேடையில் நிறுத்தி, ரிப்பன் வெட்டி, கைதட்டலும் வாங்கிவிட்டார். இந்த வாரம் ஒரு டிக்கெட்டாவது விற்காத ஆலோசகர் அடுத்த வாரம் வரவேண்டாம் என்பதும் அதே மேடையில் முடிவானது.

"என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க?" என்றார் போனில் பேசிய பெரியவர். "பேப்பர்ல அரைப் பக்கத்துக்கு விளம்பரம் போட்டிருக்கீங்களே! எங்க பையன் கடல் தாண்டி அங்கதான் பெரிய அதிகாரியா இருக்கான். ஆபீஸே கண்ணாடியில கட்டினதாம். டிக்கெட் யானை விலை குதிரை விலை விக்குதுன்னு இந்தப் பக்கமே வரலை. நானும் வீட்டுக்காரியும் சொல்லாம கொள்ளாம போய் அவன் வாசல்ல நிக்கலாம்னு இருக்கோம்."

"எதுக்கும் பையனை ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன் சார்."

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்வான். எங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நினைப்பான். தங்கமான பையன்."

"விமானமே இன்னும் வரலை சார்."

"வரட்டும். காத்திருக்கோம்."

"சோறு தண்ணி எதுவும் தர மாட்டாங்க."

"கட்டிக்கிட்டுப் போறோம்."

"டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தா ஒத்தப் பைசா திரும்பாது சார்."

"போறதுன்னு முடிவு பண்ணினவன் எதுக்குத் தம்பி திருப்பித் தரப்போறேன்?"

பேசும்போது சிரிக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள ஒவ்வொரு மேசையிலும் கம்பெனி ஒரு கண்ணாடி வைத்திருந்தது. அதைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, பயிற்சியில் பழக்கிய தேன் குரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான்.

"உக்கார்ற இடம் முழ அகலம்கூட இருக்காது சார். காலை நீட்ட வழியில்லை. ராத்திரி பூரா அம்மா முட்டியைப் பிடிச்சுக்கிட்டு முனகிக்கிட்டே வரணும். அந்தத் தைலப் புட்டியையும் ஏறும்போதே பிடுங்கி வெச்சுடுவாங்க."

டொம்மென்று மேசையில் ஒரு கை விழுந்தது. பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த மேற்பார்வையாளர்தான். அவருடைய அட்டையில் 'கனவுத் துறைத் தலைவர்' என்று இருந்தது.

"யார் கம்பெனியில உக்காந்து யாருக்கு வேலை பார்க்கறே? மனசாட்சியை வீட்டுல கழட்டி வெச்சுட்டு வரணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? இந்தப் பெரியவரும் கைநழுவிப் போனா, அட்டையை மேசை மேல வெச்சுட்டு நடையைக் கட்டு!"

போனைப் பொத்தக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. "இவர் ஒருத்தரை மட்டும் விட்டுடுங்க சார். வேற யார் தலையில வேணாலும் கட்டறேன். நூறு டிக்கெட் கட்டறேன்."

"ஏன், இவர் என்ன உனக்கு மாமனா மச்சானா?"



மறுமுனையில் சத்தமே இல்லை. பெரியவர் போனை வைத்துவிட்டார் என்று அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்த நேரத்தில், தொண்டையைச் செருமுகிற ஓசை கேட்டது.

"தம்பி." அந்தக் குரலில் இருந்த மிடுக்கெல்லாம் இறங்கியிருந்தது. "நான் வாங்கலைன்னா வேலை போயிடுமா?"

"அப்படித்தான் சார் சொல்றாங்க."

"வேற வேலை கிடைக்காதா?"

"ரொம்ப நாளாத் தேடறேன் சார்."



"சரி. ரெண்டு டிக்கெட் போடுங்க."

"சார், வேண்டாம் சார்..."

"போடுங்கன்னா போடுங்க."

கனவுத் துறைத் தலைவர் முகம் பூரித்துப்போனது. "பார்த்தியா? எல்லாம் நான் கொடுத்த பயிற்சி" என்று அவன் முதுகில் தட்டிவிட்டு, பக்கத்து மேசையில் யாருக்காவது மனசாட்சி முளைத்திருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

அவன் டிக்கெட் படிவத்தைத் திறந்தான். எங்கேயோ தொலைந்துபோன தேன் குரலைத் தேடிப் பிடித்து, கம்பெனி சொல்லிக்கொடுத்தபடியே கேட்டான்: "பயணிகள் பேரு, வயசு, வீட்டு விலாசம் சொல்லுங்க சார்."

"எல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதானேடா, நீயே போட்டுக்கோ."