ஈரத் தரை

அவன் பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டு குழாயை முழுசாகத் திறந்துவிட்டான். வாளியில் தண்ணீர் கொட்டும் சத்தம் வீட்டை நிறைத்தது.

"பாரு, உள்ளே போய்க் குலுங்கிக் குலுங்கி அழறான். நமக்குக் கேட்கக் கூடாதாம், தண்ணியைத் திறந்து விட்டுக்கறான்," என்று வெளியே அக்கா அவன் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது. "எல்லாம் உன்னால!"

அவன் அழவில்லை. தரையில் மல்லாந்து படுத்து, டாய்லெட்டின் பின்பக்கத்துக்கு அடியில் கையை விட்டு ஒரு நட்டைத் திருகிக்கொண்டிருந்தான்.

மூலையில் தரை துடைக்கும் மாப் காய்ந்து விறைத்துப்போய் நின்றது. முழங்கையில் இடித்த அதை ஒதுக்கிவிட்டு ஸ்பேனரை மறுபடி பிடித்தான். பழைய பிளாஸ்டிக் நட்டு பாதி உடைந்து, கையோடு வந்தது.

"சீட்டு ஆடுதுப்பா. உட்கார்ந்தா ஒரு பக்கமா இழுக்குது," என்று அம்மா முதலில் சொன்னபோதே புது நட்டு, போல்ட்டு எல்லாம் வாங்கிவிட்டான். வாங்கியதோடு சரி. "ஞாயித்துக்கிழமை மாட்டிடறேம்மா" என்பான். ஞாயிறு வரும், சாப்பிடுவான், தூங்குவான். அம்மாவும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காரப் பழகிவிட்டாள்.

இன்று காலை சுவர் கைகொடுக்கவில்லை.

சத்தம் கேட்டு அவன் ஓடிவந்தபோது, அவன் மனைவி அம்மாவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சீட்டு ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அம்மாவைத் தூக்குகிற சாக்கில் அதை முழங்காலால் நேராகத் தள்ளி, மூடியைச் சாத்தினான். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அக்கா கேட்ட முதல் கேள்வி, "எப்படி விழுந்தாங்க?"

உனக்கு அம்மாவைப் பார்த்துக்கத் துப்பில்லை, என் வீட்டுக்கு அனுப்பு என்று அக்கா ரொம்ப நாளாகவே மல்லுக்கு நிற்கிறாள். அம்மாவுக்கோ இந்த வீட்டை விட்டு நகர மனமில்லை.

அவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"நான்தான் அண்ணி. காலையில பாத்ரூம் தரையைத் துடைச்சேன். ஈரம் காயறதுக்குள்ள அத்தை போயிட்டாங்க. வழுக்கிடுச்சு."

அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டான். அந்த மூச்சுதான் இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

இடுப்பெலும்பில் விரிசல்; கத்தி வைக்க வேண்டாம், ஆனால் எழுந்து நடமாட மாசக் கணக்காகும் என்றார் டாக்டர். வலிக்கு ஊசி போட்டதில் அம்மா தூங்கிவிட்டாள். அக்காவின் கணவரைத் துணைக்கு வைத்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். வழியெல்லாம் அக்காவின் வாய் ஓயவில்லை. அவன் ரோட்டைப் பார்த்துக் காரை ஓட்டினான்.

புது நட்டை இறுக்கி, சீட்டை அசைத்துப் பார்த்தான். பாறை மாதிரி நின்றது. கொஞ்ச நேர வேலை. இதற்குத்தான் இத்தனை ஞாயிறு.

குழாயை மூடினான். அக்காவின் குரல் பளிச்சென்று கேட்டது.

"வயசானவங்க இருக்கிற வீட்டில ஈரத்தை அப்படியே விட்டுட்டுப் போவியா? உன்னைப் பெத்தவளா இருந்தா விட்டிருப்பியா?"

"தப்புதான் அண்ணி."

"ஏதோ சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சுட்டேன்னு இந்த ஒரு தடவை விடறேன். இனிமே அம்மா இங்கே விழுந்தாங்கன்னு நான் கேள்விப்படக் கூடாது!"

மனைவி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்து, உடைந்த நட்டை அக்காவிடம் நீட்டினான்.

"அவளைத் திட்டாதேக்கா. சீட்டு கழண்டுதான் அம்மா விழுந்தாங்க. மாட்டு மாட்டுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டாங்க. புதுசை வாங்கி வச்சுக்கிட்டு நான்தான் மாட்டலை. இப்பகூட உங்களுக்குத் தெரியாமதான் மாட்டிட்டு வரேன்."

அக்கா நட்டைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அறைவாள் என்று நினைத்தான், அறைந்திருந்தால் தேவலை.

"இவ்வளவு நேரம் அவ திட்டு வாங்கறதைக் கேட்டுக்கிட்டு உள்ளே இருந்தே, இல்லே?" என்றாள் தாழ்ந்த குரலில். துணிப்பையைத் தூக்கிக்கொண்டாள். "அம்மா இனிமே என் வீட்டிலதான்."

அவள் படியிறங்கும் சத்தம் தேய்ந்து மறைந்தது. அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். அவள் முகத்தில் நிம்மதியைக் காணோம்.

"காரியத்தைக் கெடுத்தீங்களே! ஏங்க வாயை விட்டீங்க?"

"பின்னே என்ன பண்ணச் சொல்றே? ஈரத்துலதான் அம்மா விழுந்தாங்கன்னு நீ காலம் பூரா உன்னையே நொந்துக்குவியே. தரையைத் துடைச்சது ஒரு குத்தமா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"நான் எங்கேங்க துடைச்சேன்?"