வரியை மடிக்கும் ஆப்ஷன்

மாடி வீட்டு எஞ்சினியர் லீவு நாளிலும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கமாட்டார். ஆபீசில் எல்லாரும் எழுதும் புரோகிராம்களின் பழைய பிரதி, புதுப் பிரதிகளைப் பத்திரப்படுத்தும் மென்பொருள் அவர் பொறுப்பு. அதன் கட்டளையோடு ஒரு ஆப்ஷனைச் சேர்த்து அடித்தால், திரையின் அகலத்துக்குள் அடங்காத நீண்ட வரிகள் அடுத்த வரிக்கு மடிந்து வரும். மென்பொருளில் வேறெதைத் தொட்டாலும் அந்த ஆப்ஷன் படுத்துவிடும். அதைச் சரிசெய்ய மனிதர் மறுபடி உட்காருவார்.

நேற்று நான் படி பெருக்கப் போனபோது அவர் மனைவியின் குரல் வாசல்வரை கேட்டது.

"அந்த ஆப்ஷனைத் தூக்கிப் போட்டுத் தொலைங்களேன். நாம வெளியில போய் எத்தனை நாளாச்சு?"

"கேட்டது உன் அண்ணன். ஆபீஸ்ல அதைப் பயன்படுத்துறதும் அவர் ஒருத்தர்தான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எடுக்கறது?"

"கீழ்வீட்லதானே இருக்காரு? போய்க் கேளுங்க."

இறங்கி வந்தார். பெருக்கிய படியையே நான் மறுபடி பெருக்கிக்கொண்டிருந்ததால் மிச்சமும் காதில் விழுந்தது.

"மச்சான், அந்த வரி மடிக்கிற ஆப்ஷன் இன்னும் தேவைப்படுதா?"

"என்ன மாப்பிள்ளை, இப்படிக் கேட்டுட்டீங்க? அது இல்லாம எனக்குக் கையே ஓடாது. மடிச்ச இடத்துல கொஞ்சம் கலரும் வந்தா இன்னும் எடுப்பா இருக்கும்."

"செஞ்சிடலாம் மச்சான்" என்றவர், ஆயுள் தண்டனை வாங்கியவர்போல மாடியேறினார்.

கதவைச் சாத்தியதும் மச்சானின் மனைவி கேட்டாள்: "ஏங்க, பெரிய திரை வாங்கினதிலேருந்து வரி ஒடிஞ்சு ஒடிஞ்சு வந்து கண்ணைப் பிடுங்குதுன்னு தினமும் திட்டுவீங்களே?"

"மெதுவா பேசு. வேற யாரும் அதைச் சீந்தறதில்லைன்னுதான் நான் விடாம போட்டுக்கிட்டிருக்கேன். நானும் வேண்டாம்னுட்டா மாப்பிள்ளை முகம் வாடிடும். பாவம், லீவு நாள்லகூட ஆசை ஆசையா உட்கார்ந்து செய்யறாரு."